தலைக்கு எண்ணெய் வைக்காமல் போ

பாளையங்கோட்டை

அன்பு பூரணி,

"வேலை டென்ஷன்மா, வேற ஒண்ணுமில்ல" என்று நேற்றும் போனை வைத்துவிட்டாய். போனில் என்னை முழுதாகப் பேச விடமாட்டாய் என்பதால்தான் இந்தக் கடிதம். வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ அனுப்பியிருக்கிறேன், முதலில் அதைப் பார். கோபப்படாதே. ஹைதராபாத் வந்திருந்தபோது உன் பக்கத்தில் படுத்துக்கொண்டு எடுத்தது. வேறு யாருக்கும் அனுப்பவில்லை, உன் அப்பாவுக்குக்கூட.

குறட்டை இருக்கட்டும். குறட்டை நின்ற பிறகு என்ன நடக்கிறது என்று பார். சத்தம் சட்டென்று அறுந்துபோகிறது. ஆனால் வயிறு எழும்புகிறது, நெஞ்சு உள்வாங்குகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராக. மூக்கடியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன், காற்றே இல்லை. பிறகு தொண்டையில் ஒரு பெரிய இழுப்பு, கால் உதறுகிறது, புரண்டு படுக்கிறாய், மறுபடி குறட்டை. நீ கண்ணைத் திறக்கவே இல்லை. காலையில் கேட்டால் "நல்லாத்தான் தூங்கினேன், அசதியா இருக்கு" என்கிறாய். மாப்பிள்ளைக்கு நைட் ஷிஃப்ட். உன் தூக்கத்தைப் பார்க்க அந்த வீட்டில் ஆளில்லை.

வார்டில் நைட் டூட்டி பார்த்த கண்ணுக்கு இது ஸ்லீப் அப்னியா, அதாவது தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற நோய் மாதிரித் தெரிகிறது. நர்ஸ் சொல்வது சந்தேகம்தான், டயக்னாசிஸ் இல்லை. அதற்குத்தான் டெஸ்ட்.

தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து, நாக்கு பின்னால் சரிகிறது. மூச்சை இழுக்க இழுக்க, இளநீர் ஸ்ட்ராவை வேகமாக உறிஞ்சினால் ஒட்டிக்கொள்கிற மாதிரி, வழி அடைத்துக்கொள்கிறது. ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது. மூளை பதறி ஒரு நொடி எழுப்பிவிடுகிறது, வழி திறக்கிறது. நீ எழுந்தது உனக்கே ஞாபகம் இருக்காது. ராத்திரி முழுக்க இதே கதையென்றால், எட்டு மணி நேரம் படுத்திருந்தும் ஆழ்ந்த தூக்கம் எங்கிருந்து வரும்?

இப்போது உன் தொந்தரவுகளைப் பார். ராத்திரி பாத்ரூமுக்கு எழுந்துகொண்டே இருக்கிறாய் என்று சுகர் டெஸ்ட் எடுத்தாய், நார்மல். காலைத் தலைவலிக்குக் கண் டாக்டரிடம் போய்க் கண்ணாடி மாற்றினாய், வலி மாறவில்லை. வாய் வறண்டு எழுந்திருக்கிறாய், அதற்கு ஏசியைக் குறை சொல்கிறாய். ஆபீஸில் சொன்னது மறந்துபோகிறது என்றால் 'ஸ்ட்ரெஸ்' என்கிறார்கள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு டாக்டரிடம் கொண்டுபோனால் ஒவ்வொருவரும் தன் துண்டைத்தான் பார்ப்பார். எல்லாவற்றையும் ஒரே அறையில் ஒரே டாக்டரிடம் சொல். சிறுநீர் உட்பட. அதற்கும் மூச்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைப்பாய். அடைத்த வழியில் நெஞ்சு வலிந்து இழுக்கும்போது இதயத்தின் மேலறைகள் விரிகின்றன. உடம்பில் தண்ணீர் கூடிவிட்டதென்று ஏமாந்து இதயம் ஒரு ஹார்மோனைச் சுரக்க, சிறுநீரகம் உப்பையும் நீரையும் வெளியேற்றுகிறது.

இது தொப்பை போட்ட ஆண்களுக்கு வருவது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். பல டாக்டர்களுக்கும் அந்தப் படம்தான் முதலில் மனதில் வரும். பெண்கள் போய் "குறட்டை விடுகிறேன்" என்று சொல்வதில்லையே. அசதி, தூக்கம் சரியில்லை, மனசு சரியில்லை என்போம். தூக்க மாத்திரையோ மனசுக்கு மாத்திரையோ எழுதித் தந்துவிடுவார்கள். ஆம்பிளை குறட்டை வீட்டுக்கு வீடு சிரிப்பு, பொம்பளை குறட்டை என்றால் மானக்கேடு. இந்த வெட்கத்தைத் தூக்கிக் குப்பையில் போடு. உனக்கு பிசிஓடி இருக்கிறது, தைராய்டு குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறாய். இரண்டுமே இதற்குத் தோது செய்கிறவை. தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் ரத்த டெஸ்ட் பார்த்து நாளாகிவிட்டது, அதையும் சேர்த்துப் பார்த்துவிடு. போதாததற்கு உன் அப்பா வழிச் சின்ன முகவாய் வேறு. தாடை சின்னதானால் நாக்குக்கு இடம் குறைவு. அதனால்தான் நம்மூர் ஆட்களுக்குப் பெரிய எடை இல்லாமலே இது வருகிறது. "வெயிட்டைக் குறைச்சிட்டு வாங்க" என்று மட்டும் சொல்லி யாராவது அனுப்பினால் எழுந்து வராதே. வெயிட் குறைக்கத்தான் வேண்டும், ஆனால் டெஸ்ட் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

தூக்கம் வர ஆபீஸ் தோழி கொடுத்த அல்ப்ராசோலம் மாத்திரையை இனிமேல் தொடாதே. ஏற்கெனவே தளர்கிற தொண்டையை அது இன்னும் தளர்த்தும், எழுப்பிவிடுகிற மூளையையும் மந்தமாக்கும். எப்போதாவது போட்டாய் என்றுதான் சொன்னாய். தினமும் போட்டுக்கொண்டிருந்தால் நீயாக நிறுத்தாதே, டாக்டரிடம் உள்ளதைச் சொல்லிவிடு.

போனில் சும்மா கேட்கிற மாதிரி நான் கேட்டேனே, மத்தியானம் சாப்பிட்டு உட்கார்ந்தால் கண் சொக்குமா, கார் சிக்னலில் நின்றால் சொக்குமா என்று? மெல்போர்னில் மர்ரே ஜான்ஸ் என்ற டாக்டர் 1991-இல் வெளியிட்ட எப்வொர்த் கேள்விகள் அவை. எட்டுக் கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 3 வரை மதிப்பெண், மொத்தம் 24. பத்தைத் தாண்டினால் பகல் தூக்கம் அதிகம் என்று கணக்கு. நீ 15 வாங்கியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் கணக்கில் வாங்கியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன்.

செஸ்ட் டாக்டரிடமோ இஎன்டி-யிடமோ போ. தூக்கத்துக்கென்றே தனி கிளினிக் உள்ள ஆஸ்பத்திரி என்றால் இன்னும் நல்லது. வீடியோவைக் காட்டு. கையில் கட்டியிருக்கிற வாட்ச் 'நார்மல்' என்று காட்டுவதை நம்பி உட்காராதே. அது சந்தேகத்தைக் கிளப்பலாம், நோய் இல்லையென்று சொல்லாது. ஸ்லீப் ஸ்டடி இரண்டு விதம். வீட்டிலேயே சின்னக் கருவியைக் கட்டிக்கொண்டு தூங்குவது ஒன்று. ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தங்கி, மூளை அலை, கண் அசைவு, மூச்சுக் காற்று, நெஞ்சு வயிறு அசைவு, ஆக்சிஜன், இதயத் துடிப்பு எல்லாம் பதிவு செய்வது இன்னொன்று. வீட்டுக் கருவிகளில் பெரும்பாலானவைக்கு நீ எப்போது விழித்திருந்தாய் என்றே தெரியாது. விழித்துக் கிடந்த நேரத்தையும் தூக்கத்தில் சேர்த்து வகுத்துவிடும், மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது என்ற கணக்கைக் குறைத்துக் காட்டும். அதில் நார்மல் என்று வந்தால் விட்டுவிடாதே, ஆஸ்பத்திரியில் படுக்கிறேன் என்று நீயே கேள்.

போகிற அன்று ஷாம்பூ போட்டுக் குளி. தலைக்கு எண்ணெய் வைக்காதே, வயர் உச்சந்தலையில் ஒட்டாது. (இப்படி நான் சொல்வேன் என்று நினைத்திருக்கமாட்டாய்.) விரலில் நெயில் பாலிஷ் வேண்டாம். மத்தியானத்துக்கு மேல் காபி வேண்டாம். உன் தலையணையைக் கொண்டுபோ. இத்தனை வயரோடு தூக்கமே வராது என்று தோன்றும். பெரும்பாலும் தேவையான அளவு வந்துவிடும்.

ரிப்போர்ட்டில் ஏஹெச்ஐ என்ற எண்ணைப் பார். மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்பது. பத்து வினாடியாவது நீடித்தால்தான் ஒன்றாக எண்ணுவார்கள். 5 முதல் 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. லேசாக இருந்தால் பல் டாக்டர் செய்து தரும் தாடைக் கருவியே சிலருக்குப் போதும். சிபாப் மெஷின் என்றாலும் பயப்படாதே. 1981-இல் சிட்னியில் காலின் சல்லிவன் அதைப் பற்றி எழுதினார். வேக்குவம் கிளீனர் மோட்டாரைக் காற்று ஊதும்படி திருப்பி, மாஸ்க் வழியாக மூக்குக்குள் செலுத்தினார். காற்றின் அழுத்தமே தொண்டையைத் திறந்து வைத்தது. இன்றைக்கும் அதே தத்துவம்தான், சத்தம்தான் குறைந்துவிட்டது. விலை பத்தாயிரக்கணக்கில் ஆகும். வாங்குவதற்கு முன் வாடகைக்குக் கிடைக்குமா என்று கேள். பணம் கஷ்டம் என்றால் என் பென்ஷன் இருக்கிறது.

இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில் இறந்தபோது டாக்டர்கள் காரணமாகச் சொன்னது இந்த நோயைத்தான். உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. உனக்கு வயது 34, இப்போதே பிடித்தால் பிபி-யும் இதயமும் கெடுவதற்கு முன் பிடித்த மாதிரி. அவர் செய்தியைப் படித்த நாளிலிருந்து எனக்கு உன் அப்பாவைப் பற்றியும் யோசனை. மூன்று மாத்திரை போட்டும் பிபி இறங்கவில்லை, குறட்டை தெரு வரை கேட்கிறது. அவரையும் இங்கே டெஸ்டுக்கு எழுதி வைத்துவிட்டேன். "மக போனா நானும் போறேன்" என்று தப்பிக்கப் பார்க்கிறார்.

டெஸ்ட் முடிகிற வரை கார் சாவியை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடு. ஆபீஸ் கேபிலோ மெட்ரோவிலோ போ. இதில் மட்டும் பேரம் கிடையாது.

எந்தத் தேதி கிடைத்தது என்று அனுப்பு. நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்து அங்கிருந்து ஹைதராபாத் வண்டிக்கு மாற வேண்டும், இரண்டுக்கும் சேர்த்து டிக்கெட் போடணும். வரும்போது மாப்பிள்ளைக்கு அல்வாவும் உனக்குக் கருப்பட்டியும் கொண்டுவருகிறேன்.

அம்மா