மைனருக்குப் பெயின்ட் கடைசி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்களும் சாமான் பட்டியலும் கிடைத்தன. 1964 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் 1000 கார், 1098 சிசி எஞ்சின். வீட்டுக் கொட்டிலில் வைத்துத் திருத்த நல்ல வண்டி. நான்கு மட்கார்டும் போல்டில் பூட்டியவை, எஞ்சினைச் சங்கிலிக் கப்பி போட்டு எடுத்துவிடலாம், சாமான் இன்றும் புதிதாய்ச் செய்து விற்கிறார்கள். ஆனால் உன் பட்டியலின் ஒழுங்கு பிழை. முதல் வரியில் பெயின்ட் நிறம், அடுத்தது ஐந்து கியர், பிறகு அகல ரயர், கடைசியில்தான் பிரேக். அதைத் தலைகீழாக்கு. மஸ்டாங், கமேரோ போன்ற அமெரிக்க வண்டிகளைத் திருத்துகிறவர்களின் வீடியோக்களைப் பார்த்து ஆசைப்பட்டிருக்கிறாய், அதில் தப்பில்லை. ஆனால் அவர்களில் பலர் எடுப்பது காய்ந்த பாலைவெளியில் கிடந்த வண்டி. நீ எடுப்பது கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் நின்ற வண்டி. இங்கே முதல் எதிரி உப்பு.

காசைக் கொடுக்க முன் ஒரு பழைய ஸ்குரூ டிரைவரும் துணி சுற்றிய காந்தமும் கொண்டுபோய் வண்டிக்குக் கீழே படு. மைனருக்குத் தனிச் சட்டம் கிடையாது, பாடியே சட்டம். அதனால் கறள் எவ்வளவு என்பதைவிட எங்கே என்பதுதான் முக்கியம். முன் சில்லுகளைத் தாங்கும் இரண்டு முறுக்குத் தண்டுகளின் பின்முனைகள் தரைக்குக் கீழே குறுக்காக ஓடும் பெட்டித் தகட்டில் பூட்டியிருக்கும். அந்தப் பெட்டியின் இரண்டு முனைகளையும் நன்றாகக் குத்திப் பார். அடுத்து ஜாக் வைக்கும் இடம், கதவுகளுக்குக் கீழே நீளவாட்டில் ஓடும் பெட்டி, பின் ஸ்பிரிங் பிளேட்டுகளின் பிடிகள், பூட் தரை. மட்கார்டும் கதவின் அடியும் ஓட்டையாய்க் கிடந்தால் கவலைப்படாதே, கழற்றிவிட்டு வேறு பூட்டலாம். குறுக்குப் பெட்டியும் ஸ்பிரிங் பிடியும் போயிருந்தால் விலையை நன்றாகக் குறை, இல்லாவிட்டால் விட்டுவிட்டு வா. காந்தம் ஒட்டாத இடத்தில் பெயின்டுக்கு அடியில் தடித்த புட்டிதான் இருக்கும்.

கறளைச் சுரண்டி மினுக்கினால் வேலை முடிந்தது என்று நினைக்காதே. குழி விழுந்த தகட்டில் குழிகளுக்குள் உப்பு தங்கியிருக்கும். எவ்வளவு விலை கூடிய பிரைமரை மேலே அடித்தாலும் அந்த உப்பு ஈரத்தை இழுத்து அடியில் கறளை வளர்க்கும், பிறகு பெயின்ட் கொப்புளமாய் எழும்பும். ஆகவே கிரைண்டரில் வயர் பிரஷ் போட்டுச் சுரண்டியதும் சூடான நல்ல தண்ணீரால் தேய்த்துக் கழுவு, உடனே காற்றடித்துக் காயவை, மறுபடி சுரண்டு, மறுபடி கழுவு. கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், கரையோரக் கிணறுகளில் உவர் தட்டும். குழாய்த் தண்ணீரையே எடு. கறளுக்குப் பொஸ்பரிக் அமிலம் பூசினால் அது காய முன் கழுவி எடு, மிச்ச அமிலத்தின் மேல் எபொக்ஸி பிரைமர் பிடிக்காது. வெறும் தகட்டை ஒரு இரவுகூட விட்டு வைக்காதே. அன்றைக்கே பிரைமர் அடித்து முடிக்கக்கூடிய அளவை மட்டும் சுரண்டு. இந்த ஒன்றில் நீ பொறுமையாக இருந்தாயானால் மற்றதெல்லாம் சரிவரும்.

கதவடிப் பெட்டியை வெட்டுவதானால், வெட்ட முன், கதவு வாசலின் முன் தூணுக்கும் நடுத் தூணுக்கும் இடையே ஒரு இரும்புக் குழாயைக் குறுக்கே வெல்டிங்கில் ஒட்டிவிடு. ஒரு பக்கத்தை முழுக்க முடித்த பிறகே மறுபக்கம். இரண்டையும் ஒன்றாக வெட்டினால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், பிறகு கதவு ஒருநாளும் நேராய்ப் பூட்டாது. பாடித் தகடு ஏறத்தாழ 1 மி.மீ. தடிப்பு, அதற்கு மிக் வெல்டிங்கில் 0.6 மி.மீ. கம்பி போதும். தொடர்ந்து ஓட்டாதே. இங்கே ஒரு அங்குலம், அங்கே ஒரு அங்குலமென்று மாற்றி மாற்றி ஒட்டி, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பு. தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் தகடு நெளியும். வெல்டிங் தொடங்க முன் பெற்றோல் ராங்கியைக் கழற்றி வெளியே வை, பற்றறியின் இரண்டு வயரையும் கழற்று.

இனி முன் சில்லு. மைனர் ஒன்றின் முன் சில்லு ஒடிந்து வண்டி மூக்குக் குத்திக் கிடந்தால், காரணம் பெரும்பாலும் கீழ் ட்ரனியன் என்ற மூட்டுத்தான். சில்லைத் தாங்கும் கிங்பின் அந்த ட்ரனியனுக்குள் மரைபோட்டுத் திரும்பும். கிறீஸ் காய்ந்து, உப்புத் தண்ணீரும் போனால் மரை தேய்ந்து, ஒருநாள் வளைவில் கழன்றுவிடும். சில்லைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார். ஆடினால் உள்ளே ஒருவரை உட்கார்த்தி பிரேக்கை மிதிக்கச் சொல். ஆட்டம் நின்றால் பிழை சில்லுப் பெயாரிங்கில், நிற்காவிட்டால் கிங்பின்னில் அல்லது ட்ரனியனில். இடமும் வலமும் ஒன்றுக்கொன்று எதிர் மரை, வாங்கும்போது மாறாமல் பார்த்துக்கொள். கிறீஸ் அடிக்கும்போது சில்லைத் தூக்கியே அடி, பாரம் இருந்தால் மரையின் தேயும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது. 1000 மைலுக்கு மேல் கிறீஸ் இல்லாமல் ஓடவிடாதே.

பிரேக்கின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கும். மாரித் தண்ணீர் நேரே அங்கேதான் போகும். அதைக் கழற்றும்போது போல்டை இழுக்க முறுக்குத் தண்டு மறிக்கும், ஆகவே முன் சஸ்பென்ஷன் கழன்றிருக்கும் நேரத்திலேயே இதையும் செய். திரும்பப் பூட்டும்போது போல்டை மறுபக்கத்திலிருந்து போட்டால் அடுத்த முறை தண்டைத் தொட வேண்டியதில்லை. எண்ணெய்க் கிண்ணத்தை மேலே எஞ்சின் அறைக்குக் கொண்டுவரும் கிட் வாங்கு, உன் பட்டியலில் இல்லாத இதற்குத்தான் நான் முதலில் காசு செலவழிப்பேன். பைப் முழுவதையும் 3/16 அங்குலச் செம்பு-நிக்கல் பைப்பாக மாற்று, இரும்பு பைப் இந்த உப்புக் காற்றுக்குத் தாங்காது. டாட் 4 பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும், திறந்து பாதியில் வைத்த போத்தலைத் திரும்பப் பாவிக்காதே. பைப்பிலுள்ள காற்றை எடுக்கத் தொடங்குவதற்கு முதல், பிரேக் சூக்களை நெருக்கிவிடு; நெருக்கும் ஸ்குரூ முன் டிரம் ஒவ்வொன்றிலும் இரண்டு, பின் டிரம் ஒவ்வொன்றிலும் ஒன்று. பிறகு இடது பின், வலது பின், இடது முன், வலது முன் என்ற வரிசையில் எடு.

முன்னுக்கு டிஸ்க் பிரேக் போட நினைத்தது நல்ல முடிவு, எஞ்சினைக் கூட்ட முன் அதைச் செய். ஒன்றை மறக்காதே: டிரமுக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டருக்குள் ஒரு சிறு வால்வு பைப்பில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கி வைக்கும். டிஸ்க் போட்ட பிறகு அது உள்ளே இருந்தால் பிரேக் பாட் விலகாமல் உரசிக்கொண்டே ஓடிச் சூடேறும். அதை எடுத்துவிட வேண்டும்.

மின்சாரத்தில், இந்த வண்டியில் பற்றறியின் பொசிற்றிவ்தான் பாடிக்குப் போகிறது. டைனமோவுக்குப் பதிலாக அல்டர்னேற்றர் பூட்டினால் நெகற்றிவ் பாடிக்கு வரவேண்டும். பற்றறியைத் திருப்பி, கொயிலின் இரண்டு வயரையும் இடம் மாற்று. பியூஸ் இரண்டே இரண்டுதான், ஹெட்லைட்டுக்குப் பியூஸே இல்லை. நாலு வழிப் பியூஸ் பெட்டியும் ஹெட்லைட்டுக்கு ரிலேயும் போடு.

எஞ்சினை முதலில் கம்பிரஷன் பார். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 15 பிஎஸ்ஐக்குள் நின்றால் பிரித்துப் பார்க்கும் ஆசையை அடக்கு. ஒன்று குறைந்தால் பிளக் துளைக்குள் ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பப் பார், ஏறினால் பிழை பிஸ்டன் ரிங்கில், ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். ஹெட்டைக் கழற்றினால் எக்ஸோஸ்ட் வால்வுகளுக்கு லேத் பட்டறையில் கடின சீட் போடு, பழைய சீட்டுகள் அந்தக்கால ஈயம் கலந்த பெற்றோலுக்கு என்று செய்தவை. ஹெட் நட்டு 40 இறாத்தல்-அடி, நடுவிலிருந்து வெளியே, மூன்று தரமாய் இறுக்கு. வால்வு இடைவெளி குளிரில் 0.012 அங்குலம், டிஸ்ரிபியூற்றர் பொயின்ற் இடைவெளி 0.015, பிளக் 0.025. எட்டு வால்வுக்கும் ஒன்பதின் கணக்கு, இரண்டு எண்ணையும் கூட்டினால் ஒன்பது வரவேண்டும்: ஒன்றாவது முழுக்கத் திறந்து நிற்கும்போது எட்டாவதைப் பார், இரண்டாவது திறந்தால் ஏழாவதை, இப்படியே. கியர்பொக்ஸுக்கும் எஞ்சின் எண்ணெய்தான், இபி 90 கியர் எண்ணெய் பின் அக்சிலுக்கு மட்டும். சூட்டுக்குப் பயந்து தேர்மோஸ்ராட்டைக் கழற்றச் சொல்வார்கள், கேட்காதே. ரேடியேற்றரைத் துப்பரவாக்கு, அதற்குள்ளும் உவர்த் தண்ணீர் விடாதே.

டட்சன் 1200 எஞ்சினும் அதன் ஐந்து கியரும் மைனருக்குள் நன்றாகவே பொருந்தும். செய்வதானால் இரண்டையும் சோடியாகவே வாங்கு, மொறிஸ் எஞ்சினோடு அந்தக் கியரைச் சேர்க்கத் தனித் தகடு செய்ய வேண்டிவரும். எஞ்சின் மாற்றினால் பதிவுப் புத்தகத்திலும் திருத்த வேண்டும், பழைய நம்பர் தகட்டைச் சுரண்டிவிடாதே. ரயருக்கு 155 ஆர் 14 அளவு போதும். அதைவிட அகலத்துக்கு ரிம்மும் மாற்ற வேண்டும், மட்கார்டிலும் உரசும்.

நத்தார் லீவில் பெயின்ட் அடிக்கலாம் என்று எழுதியிருந்தாய். முடியாது. அந்த நாட்களில் மழையும் ஈரமும் விடாது. சீக்கிரம் காயும் தின்னர் ஊற்றினால் தகடு குளிர்ந்து ஈரம் படிந்து பெயின்ட் வெள்ளை படரும். வைகாசிக்குப் பிறகு கச்சான் காற்று புழுதியைக் கொண்டுவரும். மாசி கடைசியிலிருந்து சித்திரை வரைதான் எங்களுக்கு வாய்ப்பு. பனி காய்ந்த பிறகு, காற்று எழும்ப முன், காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் அடி. கொட்டில் தரையை முதல்நாளே கழுவு, மெதுவாய்க் காயும் தின்னரை வாங்கு. இரண்டு பாகத்தைக் கலந்து அடிக்கும் பெயின்டில் ஐசோசயனேற் என்ற நச்சுப் பொருள் இருக்கிறது, சாதாரண முகமூடி அதைத் தடுக்காது. வெளியிலிருந்து காற்று வரும் முகமூடி கிடைக்காவிட்டால் அந்த வேலையைப் பட்டறைக்குக் கொடு, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். பெயின்ட் காய்ந்த பிறகு பெட்டிகளின் உள்ளே மெழுகு அடி, அடியிலுள்ள வடிகால் துளைகள் அடைபடாமல் பார். பழைய எஞ்சின் எண்ணெய் விடச் சொல்வார்கள், அது ரப்பரைக் கெடுக்கும்.

ஆகவே நத்தார் லீவில் கழற்றுதலும் வெல்டிங்கும் மட்டும். அங்குல ஸ்பானர் செட் ஒன்று கொண்டு வா. 1/2 அங்குல நட்டுக்கு 13 மி.மீ. ஸ்பானர் போட்டால் கறள் பிடித்த நட்டின் மூலைகள் உருண்டுவிடும். கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய சாமானைக் கையில் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துப் பார்த்து வாங்கு. வரும் திகதியை முதலே அறிவி, வெல்டிங்காரரை அந்தக் கிழமைக்குச் சொல்லி வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா