பாப்பாவுக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள பாப்பாவுக்கு,

எனக்கு உடம்பு பரவாயில்லை. போன வாரம் வெறும் வயிற்றில் சர்க்கரை 138. முருங்கை மரம் காற்றில் சாய்ந்துவிட்டது, வெட்டியாகிவிட்டது. நாலு தடவை போன் போட்டேன், நீ வேலையில் இருந்திருப்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

பெரியப்பா பிள்ளைகள் பாகம் பிரிக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டார்கள். அவர்களுக்கு வீட்டை விற்றுக் கையில் பணம் வேண்டும். தம்பிக்கு பில்டரிடம் கொடுத்து ஃப்ளாட்டாக வாங்க வேண்டும். பெரியம்மா என்னோடு பேசி இரண்டு மாதம் ஆகிறது. சம்ப் மூடியில் இப்போது இரண்டு பூட்டு. மெட்ரோ வாட்டர் வந்தால் நான் என் சாவியை எடுத்துக்கொண்டு போய் நிற்பேன், அவள் மாடியிலிருந்து தன் சாவியைக் கூடையில் இறக்குவாள். முகத்தைக் காட்டமாட்டாள். உனக்கு அம்மை வார்த்தபோது பதினோரு நாள் வேப்பிலையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள்.

தம்பி உனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பத்திரம் அனுப்பியிருக்கிறான் என்று தெரியும். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. எதையும் முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே, அவ்வளவுதான். பவர் கேட்டாலும் கொடுக்காதே.

தம்பியோடு புரசைவாக்கத்தில் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தேன். பொறுமையான மனிதர். கூட்டுச் சொத்தில் பங்குள்ளவர் யாராக இருந்தாலும் எப்போது வேண்டுமானாலும் பாகம் கேட்கலாம், மற்றவர்கள் தடுக்க முடியாது என்றார். ஆனால் நம்முடையது ஒரு கிரவுண்டு, 2400 சதுர அடி. தெருப்பக்கம் முப்பது அடிதான். அதை எப்படி வெட்டுவது? வெட்ட வழியில்லை என்றால் விற்றுப் பணத்தைப் பங்கு போடச் சொல்ல கோர்ட்டுக்கு 1893-லேயே ஒரு சட்டம் இருக்கிறதாம். அதற்குள் எத்தனை வருஷம் போகுமோ. அதைவிட ஹைகோர்ட் வளாகத்தில் சமரச மையம் இருக்கிறது, 2005-லிருந்து நடக்கிறது, அங்கே உட்கார்ந்து பேசுங்கள் என்றார். கேஸ் போட்ட பிறகுகூட அங்கே போகலாம். சமரசமானால் கட்டின கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். அங்கே பேசினதைப் பிறகு கோர்ட்டில் எடுத்துச் சொல்லக் கூடாதாம். எனக்கு அதுதான் பிடித்தது. இந்த வீட்டில் முப்பது வருஷமாகப் பேசாத பேச்சு நிறைய இருக்கிறது.

அப்புறம் அவர் வில்லங்கச் சான்றிதழைப் பார்த்தார். 1993-ல் ஒரு வரி. விடுதலைப் பத்திரம், அதாவது தன் பங்கை விட்டுக் கொடுக்கிற பத்திரம், ரூ.10,000. "இந்தம்மா யாரு? ஏன் விடுதலை எழுதிக் கொடுத்தாங்க?" என்று கேட்டார். உன் அத்தை பேர். தம்பி, "எங்க அத்தை சார், கல்யாணத்துல சீர் எல்லாம் செஞ்சாச்சு" என்றான். அவன் சொன்னது என் வார்த்தை, பாப்பா. அவன் சின்ன வயதிலிருந்து என் வாயில் கேட்ட வார்த்தை.

சீர் செய்தால் பங்கு போய்விடாது என்று வக்கீல் சொன்னார். இது தாத்தா லோகோ ஒர்க்ஸ் சம்பளத்தில் வாங்கின இடம். உயில் எழுதாமல் போனார். 1956 இந்து வாரிசுச் சட்டப்படியே மகளுக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு. மகளுக்கும் பிறப்பிலேயே சம உரிமை என்று 2020-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது பூர்வீகச் சொத்தைப் பற்றி, நம்முடையதற்கு அது தேவையே இல்லை. குடியிருக்கும் வீட்டை ஆண் பிள்ளைகளாகப் பிரிக்கிறவரை பெண் பாகம் கேட்க முடியாது என்று மட்டும் அந்தச் சட்டத்தில் ஒரு பிரிவு இருந்ததாம், 2005-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஆனால் அத்தைதான் அதற்கு முன்பே எழுதிக் கொடுத்துவிட்டாளே. இத்தனை வருஷம் கழித்து அவள் கேஸ் போட்டாலும் நிற்பது கஷ்டம் என்றார் வக்கீல். தம்பிக்கு முகம் தெளிந்தது. எனக்கு அந்த நாற்காலியில் உட்காரவே முடியவில்லை.

அப்பா திதிக்கு நீ வரவில்லை. லீவு இல்லை என்றாய், சரி. அத்தை வந்தாள். ஆவடியிலிருந்து லோக்கலில் வந்து, எனக்கு முன்னால் வாழைக்காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள். இன்னும் வாடகை வீடுதான்.

அந்த 1993 காலையை உனக்குச் சொல்ல வேண்டும். நீ அப்போது கைக்குழந்தை. தாத்தாவும் பாட்டியும் அடுத்தடுத்துப் போன பின் அப்பாவும் பெரியப்பாவும் பத்திரத்தை எழுதி வைத்திருந்தார்கள். அதை அப்பா என்னிடம் படிக்கக் கொடுத்தார். நான் முழுக்கப் படித்தேன். ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கிளம்பும்போது அத்தை சமையல்கட்டுக்கு வந்து, "அண்ணி, இதுல என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அண்ணன்களைக் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டாள். "வரி பேர் மாத்தறதுக்குத்தான், போட்டுடு" என்றேன். அங்கே இடது கட்டை விரலில் மை வைத்து உருட்டினார்கள். துடைக்கத் துணி இல்லை. நாங்கள் எடுத்துக் கொடுத்த புதுப் புடவையின் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். புதுசைப் பாழ் பண்ணிட்டியே என்று நான் அவளைக் கடிந்துகொண்டேன்.

அப்பாமேல் பழி போட்டுக்கொண்டே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். பொய் சொன்னது நான்.

உனக்கு அந்தப் பத்திரத்தை அனுப்பலாமா என்று தம்பி கேட்டபோதும், "அனுப்பு, அக்கா போட்டுடுவா" என்று சொன்னது நான்தான். அவனைத் திட்டாதே. நீ பதில் போடாமல் இருந்தாய் பார், முதலில் கோபம் வந்தது. சொந்தச் சம்பளத்தில் புனேயில் வீடு வாங்கினவளுக்கு இந்த ஓட்டை வீட்டில் என்ன என்றுகூட நினைத்தேன். நீ வாங்கின வீட்டைப் பற்றித் தெருவெல்லாம் சொல்லித் திரிந்தவளும் நான்தான். இப்போது சொல்கிறேன், போடாதே. உன் பங்கு உன்னுடையது. பிறகு தம்பிக்குக் கொடுக்க உனக்கு மனம் வந்தால் அது உன் இஷ்டம், ஆனால் படித்துவிட்டுப் போடு.

ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அத்தைக்குச் சேர வேண்டியது 800 சதுர அடி. அதில் பாதி பெரியப்பா பக்கம் போனது, பாதி நம் பக்கம் வந்தது. நம் பக்கம் வந்தது 400. அப்பாவின் 1200-ல் நீ, தம்பி, நான் என்று மூன்று பங்கு. என் பங்கும் 400. மூன்று தடவை போட்டுப் பார்த்தேன்.

அதை அத்தை பேருக்கு எழுதப் போகிறேன். நாத்தனாருக்கு எழுதினால் குடும்பச் சலுகை கிடையாது, முழு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்றார் வக்கீல். வளையல் நாலும் இருக்கிறது. பெரியப்பா பக்கத்து 400-க்கு நான் பொறுப்பில்லை. ஆனாலும் சமரச மையத்தில் பெரியம்மா எதிரில் உட்காரும்போது இதைச் சொல்லத்தான் போகிறேன். தம்பிக்கு இன்னும் சொல்லவில்லை. நீ பக்கத்தில் இருந்தால் சொல்லிவிடுவேன்.

வெள்ளிக்கிழமை ஆவடி போகிறேன். அத்தையிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அதற்கு முன்னால் வியாழன் ராத்திரி 9 மணிக்குக் கூப்பிடுகிறேன், எடு பாப்பா.

இப்படிக்கு,
அம்மா