பேருந்தில் உட்காரப்போகும் அந்த ஆளுக்கு என்ன வேலை?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிங்கப்பூரில் 191, 400 ஆகிய பேருந்துச் சேவைகளில், ஓட்டுநரில்லாமல் தாமாக ஓடும் தானியக்கப் பேருந்துகளைச் சோதித்துப் பார்க்கும் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் திட்டம் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். ஆறு பேருந்துகள், ஒவ்வொன்றிலும் குறைந்தது 16 இருக்கைகள், தொடக்கத்தில் ஒரு பாதுகாப்பு அதிகாரி உடன் செல்வார் என்கிறார்கள். காப்பிக் கடையில் என் பழைய சகாக்கள் இதைப் பேச ஆரம்பித்தால் "நம் பிழைப்பு போயிற்று" என்றுதான் முடிப்பார்கள். எனக்கு அந்தக் கவலை இல்லை. நான் ஓய்வு பெற்று நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. தவிர, 2003-இல் வடகிழக்கு ரயில் தடம் ஓட்டுநரில்லாமல் ஓடத் தொடங்கியபோதும் இதே புலம்பலைக் கேட்டவன் நான். என் கேள்வி வேறு. அந்தப் பாதுகாப்பு அதிகாரி ஏறி உட்கார்ந்து என்ன செய்யப்போகிறார்?

இருபத்தெட்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டினேன். கடைசி சில ஆண்டுகளில் புதிய ஓட்டுநர்களுடன் கூடப் போய்ப் பழக்கும் வேலையையும் கொடுத்தார்கள். ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். ஸ்டீயரிங் அவர் கையில், பிரேக் அவர் காலடியில். முதல் வாரம் முழுக்க இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தால் வலது முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். மனைவி தைலம் தேய்த்தபடி, "சும்மா நின்றுகொண்டு வருவதற்கா இத்தனை வலி?" என்று கேட்பார்.

இரண்டாவது வாரத்தில், மலேசியாவிலிருந்து வந்திருந்த அந்தத் தம்பி நன்றாகவே ஓட்டுகிறார் என்று தெரிந்ததும், கால் அடங்கியது. கூடவே கண்ணும் அடங்கியது. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு சாலைச் சந்திப்பில் சைக்கிள்காரர் ஒருவர் குறுக்கே புகுந்தார். தம்பி பிரேக் போட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தச் சைக்கிளை நான் பார்க்கவே இல்லை. கண் திறந்துதான் இருந்தது. தம்பியை நம்பத் தொடங்கியிருந்தேன், அவ்வளவுதான்.

நாளெல்லாம் பிசகாமல் ஓடும் இயந்திரம் இன்னும் சீக்கிரமாக நம்ப வைத்துவிடும். எப்போதோ வரப்போகிற ஒரு நொடிக்காக எட்டு மணி நேரம் விழித்திருப்பது, ஓட்டுவதைவிடக் கடினமான வேலை. இதைச் சுலபமான வேலை என்று நினைத்து, குறைந்த சம்பளத்தில் யாரையாவது உட்கார வைத்துவிடக் கூடாது. ஓட்டிப் பழகியவரைத்தான் உட்கார வைக்க வேண்டும்; அவரையும் மணிக்கு ஒரு முறையாவது மாற்ற வேண்டும்.

ஆளை உட்கார வைத்தால் மட்டும் போதாது என்பதற்கு அமெரிக்காவின் லாஸ் வேகஸில் நடந்ததைச் சொல்லலாம். 2017 நவம்பர் 8 அன்று அங்கே ஒரு தானியக்கச் சிற்றுந்து பயணிகளை ஏற்றத் தொடங்கியது. அன்றைக்கே, பின்னுக்கு வந்துகொண்டிருந்த ஒரு லாரி அதன் முன்பக்கத்தில் உரசிவிட்டது. சிற்றுந்து ஒழுங்காக நின்றுவிட்டது. நின்றதோடு சரி, விலகவில்லை. உள்ளே பணியாளர் இருந்தார். ஆனால் வண்டியைத் தன் கட்டுப்பாட்டில் எடுப்பதற்கான கைக்கருவி ஒரு பெட்டிக்குள் வைத்து மூடப்பட்டிருந்தது! தவறு லாரி ஓட்டுநருடையது என்ற விசாரணை அறிக்கையே, அந்தப் பணியாளர் வண்டியைக் கையிலெடுக்கும் நிலையில் இல்லாததையும் ஒரு காரணமாகக் குறிப்பிட்டது. என் முழங்காலுக்கு அந்த மனிதரின் நிலை நன்றாகப் புரிகிறது.

ஸ்காட்லாந்தில் இதைவிடத் தெளிவாக யோசித்திருந்தார்கள். 2023 மே மாதம் முதல் ஃபோர்த் சாலைப் பாலத்தைக் கடந்து எடின்பரோவுக்கு ஐந்து முழுநீளப் பேருந்துகள் தாமாகவே ஓடின. ஒவ்வொன்றிலும் இரண்டு பேர். ஓட்டுநர் தம் இருக்கையில் தயாராக இருப்பார். இன்னொருவர் பயணிகளிடையே நடமாடி, பேசி, கேட்பதற்குப் பதில் சொல்வார். அவருக்குக் கேப்டன் என்று பெயர். நம் ஊரில் ஓட்டுகிறவருக்குக் கேப்டன் என்று பெயர், அங்கே ஓட்டாதவருக்கு! போதிய பயணிகள் வராததால் 2025 பிப்ரவரியில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டார்கள். ஒரு பேருந்துக்கு இரண்டு சம்பளம் கட்டுப்படியாகாது என்று நம்மவர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். ஆனால் வேலை இரண்டு என்பதை அவர்கள் கண்டுகொண்டார்கள் அல்லவா?

அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. 2020-இன் இறுதியிலிருந்து நம் பொதுப் பேருந்துகள் எல்லாவற்றிலும் சக்கர நாற்காலியில் ஏறலாம். பொத்தானை அழுத்தினால் பேருந்து சாய்ந்து கொடுக்கும்; சாய்தளப் பலகையை மட்டும் ஓட்டுநர் இறங்கிப் போய் நடுக்கதவில் கையால் விரிப்பார். எந்த நிறுத்தம் என்று கேட்டு வைத்துக்கொள்வார். வயதானவர் உட்கார்ந்துவிட்டாரா என்று கண்ணாடியில் பார்த்த பிறகே பேருந்தை எடுப்பார். 2020 பிப்ரவரியில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் ஒரு தானியக்கச் சிற்றுந்து மணிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வேகத்தில்தான் போனது. திடீரென நின்றதில் ஒரு பயணி இருக்கையிலிருந்து கீழே விழுந்தார். சாலையைப் பார்க்கும் கருவிக்கு, பின்னால் உட்கார்ந்திருப்பவரைப் பார்க்கத் தெரியவில்லை.

ஒரு முறை கடைசி நடை முடிந்து நிலையத்துக்குள் நுழைந்த பிறகும் ஒரு சீனப் பாட்டி இறங்காமல் உட்கார்ந்திருந்தார். "ஆ மா, எங்கே போக வேண்டும்?" என்று எனக்குத் தெரிந்த நாலைந்து ஹொக்கியன் சொற்களை வைத்துக் கேட்டேன். சிரித்தார், பயண அட்டையை நீட்டினார். அட்டையின் உறையில் மகளின் தொலைபேசி எண் எழுதியிருந்தது. மகள் வரும்வரை முக்கால் மணி நேரம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். இருக்கையில் ஓர் ஆள் இருப்பதைக் கேமரா காட்டும். அவருக்கு வீட்டுக்கு வழி தெரியவில்லை என்பதை, எங்கோ ஓர் அறையில் பல திரைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டிருப்பவர் எப்படி அறிவார்?

சோதனை முடிந்ததும் பாதுகாப்பு அதிகாரி எத்தனை முறை ஸ்டீயரிங்கைப் பிடிக்க நேர்ந்தது என்று கணக்குப் பார்ப்பார்கள். அந்த எண் குறைந்தால் ஆளை இறக்கிவிடலாம் என்று தோன்றும். அவர் எத்தனை முறை இருக்கையை விட்டு எழுந்தார், எதற்காக எழுந்தார் என்பதையும் முதல் நாளிலிருந்தே எழுதி வைக்கும்படி ஆணையத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஈசூன், சிங்கப்பூர்