இழுத்து வந்தவருக்கும் பின்னால் வந்தவர்களுக்கும்

நடுவழியில் நின்ற என் காரைத் தாராபுரம் வரை கட்டி இழுத்துவந்த, வெள்ளை டாடா 207 லோடு வண்டி ஓட்டும் அண்ணனுக்கும், டீக்கடை அக்காவுக்கும், பைக்கில் கடைசிவரை கூடவே வந்த இரண்டு தம்பிகளுக்கும் வணக்கம்.

அண்ணா, உங்கள் பெயர் கேட்டேன். "பேரெல்லாம் எதுக்குங்க அம்மிணி, போய் வளையலைப் போடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டீர்கள். அதனால் இந்த மடலில் யார் பெயரும் இல்லை. படிக்கிற யாருக்காவது அடையாளம் தெரிந்தால் அண்ணனிடம் சேர்த்துவிடுங்கள். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி ஏற்றிப்போகும் வண்டி. பின் கதவு ஒருபக்கம் கம்பியால் கட்டியிருக்கும்.

போன ஆனி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. நாத்தனார் மகளுக்குத் தாராபுரத்தில் வளைகாப்பு. நானும் அத்தையும்தான் காரில். டிக்கியில் புளிசாதம், எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம் என்று ஐந்து தூக்கு. கள்ளிமந்தையம் தாண்டித் தாராபுரம் ரோட்டில் போகும்போது வண்டி இரண்டு தடவை விக்கியது, நின்றது, அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை. இன்சூரன்ஸ்காரர்களின் உதவி எண்ணுக்குப் போட்டேன். இருபது நிமிடம் பாட்டுக் கேட்க வைத்துவிட்டு, வண்டி வர மூன்று மணி நேரம் ஆகும் என்றார்கள். பத்தரைக்கு நல்ல நேரம் முடிகிறது.

அந்த வழியாக வந்த ஒருவர் தேங்காய்நார்க் கயிற்றை எடுத்து, பம்பரில் கட்டி இழுத்துவிடலாம் என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்ல வேண்டுமே. அவர் குனிந்து முடிச்சுப் போடும்போதுதான் நீங்கள் சந்தையிலிருந்து காலி டிரேக்களோடு திரும்பி வந்தீர்கள். இறங்கிப் பார்த்துவிட்டு நீங்கள் கேட்ட முதல் கேள்வி, "கியரு கையில போடறதா, தானாப் போடறதா?" என்பது. கையில்தான் என்றேன். ஆட்டோமேட்டிக் என்றால் தொடவே மாட்டேன் என்றீர்கள். என்ஜின் ஓடாவிட்டால் கியர்பாக்ஸுக்குள் எண்ணெய் சுற்றாதாம். சக்கரம் தரையில் உருள உருள உள்ளே வெந்துவிடுமாம். அதற்கு முன்சக்கரத்தைத் தூக்கிக் கொண்டுபோகிற வண்டிதான் வர வேண்டும் என்றீர்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது. கயிறு வேண்டாம், பம்பரில் கட்டக் கூடாது, டிக்கியைக் காலி பண்ணுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னீர்கள். ஐந்து தூக்கும் ரோட்டோரத்தில் இறங்கியது. ஸ்டெப்னிக்குப் பக்கத்தில் ஜாக்கியோடு ஒரு இரும்புக் கொக்கி கிடந்தது. பன்னிரண்டு வருடமாக அந்தக் காரை ஓட்டுகிறேன், அது என்னவென்று எனக்குத் தெரியாது. முன் பம்பரில் உள்ளங்கையில் பாதி அளவு ஒரு சதுர மூடி. அதைத் தகடால் நெம்பினால் உள்ளே கொக்கியைத் திருகி ஏற்றும் மறை. வலது பக்கம் திருகினால் ஏறவே இல்லை. நீங்கள் சிரித்துக்கொண்டு இடது பக்கமாகத் திருகி, வீல் ஸ்பேனரைக் கொக்கி வளையத்துக்குள் விட்டு நன்றாக இறுக்கினீர்கள். உங்கள் வண்டியில் பம்பரைத் தட்டிக் காட்டி, "இது வெல்டிங் வெச்சதுங்க. இதுல கட்டுனா பம்பர் மட்டும் உங்க காரோட நின்னுக்கும், நான் தாராபுரம் போயிருவேன்" என்றது இன்னும் காதில் இருக்கிறது. அடியில் படுத்து, வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸில்தான் இழுக்கிற பெல்ட்டை மாட்டினீர்கள். பெல்ட்டின் நடுவில் உங்கள் சிவப்புத் துண்டு. அதற்கு மேல் ஈரச் சாக்கு ஒன்று. அறுந்தால் சாட்டை மாதிரி கண்ணாடிக்கு வராமல் சாக்கு அமுக்கிவிடும் என்றீர்கள்.

இதற்குள் அரை மணி நேரம் போய்விட்டது. "அண்ணா, சும்மா கட்டுங்க, மெதுவாப் போயிடலாம்" என்று நான் சத்தம் போட்டேன். நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அவசரம்னா பஸ்ஸுல போங்க அம்மிணி. காரோட போகோணும்னா நான் சொல்றதக் கேளுங்க."

அந்தப் பேச்சுக்காகத்தான் முக்கியமாக இந்த மடல்.

அத்தையை உங்கள் பக்கத்தில் ஏற்றிக்கொண்டீர்கள். பின்னால் இருக்கிற காரில் ஓட்டுகிறவரைத் தவிர யாரும் உட்காரக் கூடாது என்றீர்கள். சாவியை ஆன் நிலையில் வைக்கச் சொன்னீர்கள். உருவினால் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும். பிறகு பிரேக்கை மிதிக்கச் சொன்னீர்கள். முதல் மிதி பழையபடி இறங்கியது. மூன்றாவது மிதியில் கல்லை மிதித்த மாதிரி இருந்தது. என்ஜின் ஓடாதபோது, பிரேக்கை லேசாக்கும் பூஸ்டரில் மிச்சமிருக்கும் காற்றிழுப்பு இரண்டு மூன்று மிதிக்குத்தான், அதற்கப்புறம் உங்கள் கால்பலம்தான் என்று புரிய வைத்தீர்கள். ஸ்டீரிங்கும் அப்படியே, ஆட்டுக்கல் சுற்றுகிற மாதிரி. அதையெல்லாம் விட எனக்குப் புதிதாக இருந்தது இதுதான்: "நான் பிரேக்கே போட மாட்டேன். இது பழைய வண்டி, பின்னாடி லோடும் இல்ல, அழுத்திப் போட்டா பின்சக்கரம் வழுக்கும். ரெண்டு வண்டிக்கும் பிரேக் நீங்கதான். பெல்ட்டு எப்பவும் விறைப்பா இருக்கோணும்." நான் அதுவரை, இழுக்கப்படுகிற காரில் இருப்பவருக்கு உட்கார்ந்து வருவதைத் தவிர வேலை இல்லை என்று நினைத்திருந்தேன்.

ஐம்பதடி இழுத்து, நிறுத்தி, மறுபடியும் ஐம்பதடி. மூன்று தடவை ஒத்திகை. நான் ஒரு ஹாரன் அடித்தால் மெதுவாக, இரண்டு அடித்தால் நிறுத்த.

டீக்கடை அக்கா, பிஸ்கட் அட்டைப்பெட்டியைக் கிழித்து, கணக்கு எழுதும் பட்டை மார்க்கரில் "கட்டி இழுக்கும் வண்டி" என்று எழுதி என் பின்கண்ணாடியில் ஒட்டியது நீங்கள்தான். அண்ணன் சொன்னது ஒரு வரி, மற்றதெல்லாம் உங்கள் யோசனை. அப்புறம் வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். இழுக்கப்படும் வண்டியின் பின்னால் 'ஆன் டோ' என்று எழுதி மாட்ட வேண்டும், இரண்டு வண்டிக்கும் நடுவில் 5 மீட்டருக்கு மேல் இடைவெளி கூடாது, ஸ்டீரிங்கில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார வேண்டும், வேகம் 25 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்றெல்லாம் விதியே இருக்கிறது. அண்ணன் அதைப் படித்திருப்பார் என்று தோன்றவில்லை. ஒன்றுவிடாமல் செய்திருந்தார்.

தாராபுரம் வரை மீதியிருந்த 12 கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆனது. ஆனிக் காத்து காரைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, இரண்டு பக்கமும் காற்றாலை சுற்றுகிறது, எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்தச் சிவப்புத் துண்டு மட்டும்தான். அது தொய்ந்தால் லேசாகப் பிரேக். ஓடைப் பாலத்து இறக்கத்தில் செம்மறி ஆட்டு மந்தை குறுக்கே வந்தது. முன் வண்டி வேகம் குறைந்ததும் துண்டு தரையைத் தொட்டது. சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தேன். பெல்ட் மறுபடி விறைத்து, துண்டு மேலே ஏறி ஆடியது. அதன் பிறகுதான் மூச்சு விட்டேன். பெல்ட் என் சக்கரத்துக்கு அடியில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ராத்திரி படுத்தபோதுதான் நினைத்துப் பார்த்தேன்.

பைக் தம்பிகளே, பின்னால் இண்டிகேட்டரைப் போட்டுக்கொண்டு, வருகிற பஸ்ஸுக்கெல்லாம் கை காட்டிக்கொண்டு நீங்கள் வந்ததைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு மொபெட்காரர் இரண்டு வண்டிக்கும் நடுவில் புகுந்து ரோட்டைக் கடக்கப் பார்த்தாரே, நீங்கள் கத்திய கத்தலில் அவர் நின்றார். அன்றைக்கு உங்களுக்கு வேறு வேலை இருந்திருக்கும். கேட்காமல் விட்டுவிட்டேன்.

தாராபுரத்தில் ஒர்க்‌ஷாப்காரர் பார்த்ததில் காரின் பெட்ரோல் பம்ப் பழுதாகியிருந்தது. மாலைக்குள் மாற்றிக் கொடுத்துவிட்டார். அவருக்கும் நன்றி. நல்ல நேரம் தவறிவிட்டது. ஆனாலும் மதியம் வளையல் போட்டார்கள், புளிசாதமும் தீர்ந்தது. அத்தை அங்கே ஒவ்வொருவரிடமும் உங்கள் கதையைத்தான் சொன்னார். உங்கள் மகள் நர்சிங் முடித்தது, தக்காளி விலை, 207-ஐ எந்த வருடம் யாரிடம் வாங்கினீர்கள் என்பது வரை எல்லாம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பெயரை மட்டும் கேட்கவில்லையாம்!

ஆயிரம் ரூபாய் நீட்டினேன். டீசலுக்கு என்று முன்னூறு எடுத்துக்கொண்டு மீதியை அத்தை கையில் வைத்தீர்கள். பெல்ட்டையும் சாக்கையும் சுருட்டி வண்டியில் போட்டீர்கள். பெல்ட்டிலிருந்து அவிழ்த்த துண்டு எங்கள் கொக்கியிலேயே மாட்டியிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. துவைத்து, மடித்து, காரின் டேஷ்போர்டுப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கிரீஸ் கறை ஒரு மூலையில் போகவில்லை. அடுத்த மாதம் ஒட்டன்சத்திரம் பக்கம் வருகிற வேலை இருக்கிறது. விடியற்காலை சந்தை வாசலில் நின்று, கம்பி கட்டிய கதவைத் தேடுவேன்.

இப்படிக்கு,
திண்டுக்கல்லிலிருந்து
அந்த அம்மிணி