நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் 'மானிட்டரில் கோடு நேரானது. டாக்டர் ஷாக் கொடுத்துத் துடிப்பை மீட்டார். நர்ஸ்கள் உடனிருந்து உதவினர்' என்று படித்தேன். 31 வருடம் வார்டில் நின்றவள் நான். இரண்டு நாளாக மனசு ஆறவில்லை.

நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதில்லை, தாங்கள் அறியாததல்ல. இதயம் தாறுமாறாக நடுங்கினால், அல்லது நாடியே இல்லாமல் கீழறை படுவேகமாக அடித்தால்தான் ஷாக். கோடு நேராகிவிட்டால் நெஞ்சை அழுத்த வேண்டும், அட்ரினலின் போட வேண்டும், காரணத்தைத் தேட வேண்டும்.

'உடனிருந்து உதவினர்' என்கிறீர்கள். ராத்திரி 3 மணிக்கு வார்டில் யார் இருக்கிறார்கள்? கழுத்தில் நாடி பார்த்து, முதுகுக்கடியில் பலகை தள்ளி, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குகிறவள் நர்ஸ்தான். மருந்து போட்ட நேரத்தைக் குறிப்பதும் அவள்தான். ஒருமுறை, டயாலிசிஸுக்குக் காத்திருந்தவரின் மானிட்டரில் டி அலை, அதாவது ஒவ்வொரு துடிப்புக்கும் பின்னால் வரும் சிறு மேடு, கூர்மையாக எழும்பியது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்டது என்று தூங்கிக்கொண்டிருந்த டாக்டரை எழுப்பினேன். கால்சியம் ஏற்றினோம். துடிப்பு நிற்கும் முன்பே பிடித்ததால் அவர் நடந்தே வீட்டுக்குப் போனார். இது எந்தப் பேப்பரிலும் வராது.

இன்னொன்று. யார் திடீரென இறந்தாலும் 'மாரடைப்பு' என்றே போடுகிறீர்கள். ரத்தக்குழாய் அடைத்துக்கொள்வது மாரடைப்பு. பெரும்பாலும் அவர் நம்மோடு பேசிக்கொண்டே வருவார். துடிப்பு நின்றவர் பேச மாட்டார். இதைப் பற்றி முன்பே இரண்டு கார்டு எழுதினேன். பதில் இல்லை.

போன மாசியில் காசிமேட்டில் மீன் வாங்கப் போனபோது ஒருவர் கண்ணெதிரே சாய்ந்தார். கையில் சாவியைத் திணித்தார்கள், சோடா தெளித்தார்கள். 'மூச்சு இழுக்குது, உயிர் இருக்கு' என்று சொல்லி யாரும் நெஞ்சில் கை வைக்கவில்லை. ஐயா, துடிப்பு நின்ற பிறகும் வரும் அந்த இழுப்பு மூச்சே அல்ல. கூடையைப் போட்டுவிட்டு நான் உட்கார்ந்து அழுத்தினேன். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தும் ஆள் மாற வேண்டும். சுற்றி நின்ற அத்தனை பேரில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆம்புலன்ஸ் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டது. அழுத்தாமல் போகும் ஒவ்வொரு நிமிடத்திலும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். அவர் பிழைக்கவில்லை. என் கை வலி போக ஒரு வாரம் ஆனது.

செவிலியர் தினமான மே 12 வந்தால் எங்களை மெழுகுவத்தியோடு படம் போடுகிறீர்கள், நன்றி. இப்போது கேட்பது ஒரு திருத்தம், அதே பக்கத்தில். இடமிருந்தால் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று நாலு வரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தண்டையார்பேட்டை, சென்னை-81