ஓட்டுக் கேட்டு வரப்போகிறவர்களுக்கு ஒரு டெல்டாக்காரனின் மடல்

எல்லாக் கட்சி அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

சில வருஷங்களுக்கு முன் ஒரு தை மாதம். சம்பா நெல்லைக் கொள்முதல் நிலையத்து வாசலில் கொட்டிவிட்டு அப்பாவும் நானும் ஒன்பது நாள் காத்துக் கிடந்தோம். வெயில் ஏறியதும் தார்ப்பாயை விலக்கிக் கிண்டிவிடுவது, பனி இறங்குமுன் மூடுவது, இதுதான் வேலை. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது விதி. எங்கள் நெல் 19 காட்டியது. பத்தாம் நாள் ஊர்க் கட்சிக்காரர் ஒருவர் பைக்கை நிறுத்தினார். இறங்கக்கூட இல்லை, ஒரு காலைத் தரையில் ஊன்றியபடி யாருக்கோ போன் போட்டார். அரை மணி நேரத்தில் சாக்கு வந்துவிட்டது. மறுபடி ஈரம் பார்க்கவே இல்லை.

“அவர் செஞ்ச உதவிய மறக்கக் கூடாதுடா” என்றார் அப்பா. கண்ணை மூடுகிற வரைக்கும் அந்தச் சின்னத்துக்குத்தான் ஓட்டுப் போட்டார்.

எங்கள் நெல்லை அரசு சொன்ன விலைக்கு அரசே வாங்கியது. அதற்கு நாங்கள் ஒருவருக்கு நன்றிக்கடன் பட்டோம். அதிகாரத்தை எப்படித் தக்கவைக்கிறீர்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது. ஓட்டுக்குப் பணம் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 2016 மே மாதம் பணப் பட்டுவாடாவால் தஞ்சாவூர்த் தொகுதித் தேர்தலையே ஆணையம் நிறுத்தி, நவம்பரில் நடத்தியது. ஆனால் அந்த நோட்டு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். ஒரு போன் கால் வாங்கித் தந்த ஓட்டு, அப்பா விஷயத்தில், ஆயுளுக்கும் நின்றது.

கொடுப்பதைக் குறை சொல்லவில்லை. கொடுத்துப் பேர் வாங்குவது இந்த மண்ணுக்குப் புதுசும் இல்லை. 1070இல் இன்றைய ஆந்திரப் பக்கத்து வேங்கியிலிருந்து வந்து சோழ அரியணை ஏறிய முதல் குலோத்துங்கனுக்குத் தாய்வழியில்தான் சோழ உரிமை. அவன் சுங்கத்தை நீக்கினான். ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்று இன்றைக்கும் சொல்கிறோம். அரசியல் கணக்கு இல்லாமலா செய்திருப்பான்? சரி, இருக்கட்டும். இப்போது டவுன் பஸ்ஸில் பெண்கள் டிக்கெட் இல்லாமல் போகிறார்களே, அதுவும் ஓட்டுக்குத்தான். ஆனால் என் அத்தை பஸ் ஏறுவதற்கு யாருடைய சிபாரிசும் வேண்டியதில்லை. என் வருத்தமெல்லாம் ஆள் பார்த்துத் திறக்கிற கதவுகளைப் பற்றித்தான்: நெல் வரிசை, வெள்ள நிவாரணப் பட்டியல், வாய்க்கால் ஷட்டர் சாவி.

குடவோலை முறை என்று மேடைக்கு மேடை பெருமை பேசுகிறீர்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை முழுசாகப் படித்துப் பாருங்கள். வாரியம் என்கிற ஊர் நிர்வாகக் குழுவில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவனுடைய நெருங்கிய உறவுக்காரர்களும் குடவோலைக்கு நிற்க முடியாது. இன்றைக்கு அந்த விதி இருந்தால் எத்தனை மேடை காலியாகும்! (கால் வேலி என்கிற நில அளவுக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது. என் தாத்தா பண்ணையாள். அவரை வாசலில்கூட நிறுத்தியிருக்க மாட்டார்கள். அதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.)

கேட்பது பெரிசாக ஒன்றுமில்லை. யார் நெல் எந்தத் தேதியில் வந்தது, எத்தனை ஈரம், எத்தனை மூட்டை, எப்போது எடை போட்டார்கள் என்று கொள்முதல் நிலைய வாசலில் பலகையில் தினமும் எழுதச் சொல்லுங்கள். நிவாரணப் பட்டியலைக் கிராம சபையில் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். ஜெயித்து வந்தால் செய்வோம் என்று சொல்லாதீர்கள். உங்களில் பலர் ஏற்கெனவே ஏதோ ஒரு பதவியில் இருக்கிறீர்கள்.

குறுவை அறுப்புக்கு நாங்கள் மறுபடி அங்கேதான் நெல்லைக் கொட்டிவிட்டுக் காத்திருப்போம். அந்தப் பக்கம் வந்தால் ஒரு டீ சாப்பிட்டுப் போங்கள். போன் மட்டும் போட வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்று மா நிலத்துக்காரன்