ஏணியை இந்த வருடம் தொடவில்லை

ஸ்காபரோ, கனடா,
கார்த்திகை மாதம்

அன்பு மகளுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீயும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் அங்கே சுகமாயிருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் "வின்ரர் வேலையெல்லாம் முடிஞ்சுதா அப்பா?" என்று கேட்டாய். ஓம் என்று மட்டும் சொன்னேன். மிச்சத்தை எழுதுகிறேன்.

முதலில், உனக்கு மறைத்த ஒரு விஷயம். போன வருடம் கூரைப் பீலிக்குள் கிடந்த மேப்பிள் சருகை அள்ள ஏணி வைத்து ஏறினேன். இறங்கும்போது கீழிருந்து இரண்டாவது படியில் கால் வழுக்கிவிட்டது. உயரம் இல்லைத்தான். ஆனாலும் இடுப்பில் பட்ட அடியில் மூன்று கிழமை சரிந்து படுக்க முடியவில்லை. நீ கேள்விப்பட்டால் வீட்டை விற்கச் சொல்வாய் என்று பயந்து, அம்மாவையும் சொல்லவேண்டாம் என்று தடுத்துவிட்டேன். அது பிழை, பிள்ளை. எனக்கு 73 வயது. இந்த வருடம் ஏணியைத் தொடவில்லை. பீலியை அப்படியே விடவும் ஏலாது. சருகு அடைத்திருந்தால் உருகிற ஸ்னோத் தண்ணீர் போக வழியில்லாமல் கூரை விளிம்பில் திரும்ப உறைந்து, பின்னால் வருகிற தண்ணீரை வீட்டுக்குள் இறக்கிவிடும். இலை முழுக்கக் கொட்டும்வரை பொறுத்திருந்து, முன்வீட்டுப் பொடியனுக்குக் காசு கொடுத்துச் செய்வித்தேன்.

குளிருக்கு முன் வெளிக்குழாயில் தண்ணீரை வடிக்கிற வேலை மட்டும் நானேதான் செய்தேன். இந்த வீட்டுக்கு வந்த முதல் வருடம் அது எங்களுக்குத் தெரியாது. குளிர் முழுக்க ஒன்றும் காட்டவில்லை. மே மாதம் பூமரத்துக்குத் தண்ணீர் விடக் குழாயைத் திறந்தால், பேஸ்மென்ற் சுவருக்குள்ளால் தண்ணீர் வழிந்து உன் பொம்மைப் பெட்டியெல்லாம் நனைந்தது. நீ அழுதது நினைவிருக்கும். தண்ணீர் உறையும்போது 9 வீதமளவு பெருக்கும், செப்புக் குழாய் அதைத் தாங்காது. இப்போது உள்ளே இருக்கிற வால்வைப் பூட்டிவிட்டு, வெளியே போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். திரும்பி வந்து வால்வின் பக்கத்தில் இருக்கிற சின்னப் பித்தளை மூடியைக் கழற்றிக் கோப்பையைப் பிடித்தால், அரைக் கோப்பைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக வரும். அது நிற்கும்வரை பிடித்துக்கொண்டு நிற்பேன். வெளிக்குழாயை வசந்தம் வரை பூட்டுவதில்லை.

கறிவேப்பிலை செப்டெம்பரிலேயே உள்ளே வந்துவிட்டது. இரவில் 10 பாகைக்குக் கீழே போனால் அது இலை கொட்டத் தொடங்கும். சாடியைத் தூக்கின காலம் முடிந்தது. சில்லுப் பூட்டின பலகையில் வைத்துத் தள்ளினோம். அம்மா கதிரையில் இருந்தபடி ஒவ்வொரு இலையாகத் திருப்பி, அடியில் ஒட்டியிருந்த பூச்சியைச் சவர்க்காரத் தண்ணீரில் தோய்த்த துணியால் துடைத்தா. ஒரு பின்னேரம் முழுக்க அதுதான் வேலை. தெற்கு யன்னலடியில் நிற்கிறது. சூட்டுக்காற்று வருகிற துவாரத்துக்குக் கிட்ட வைத்தால் கருகிவிடும். தண்ணீரும் மேல்மண் நன்றாகக் காய்ந்த பிறகுதான்.

வீட்டைச் சூடாக்குகிற ஃபேர்னஸை ஆள் வந்து பார்த்துவிட்டார். ஃபில்ரர் மாற்றியாயிற்று. மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த அன்றைக்கே கார்பன் மொனொக்சைட் என்கிற நச்சுவாயு வந்தால் அடிக்கிற அலாரத்துக்குப் புது பற்றரி போட்டேன்.

2013 மார்கழியில் வந்த ஐஸ் மழையை நான் மறக்கவில்லை. ரொறன்ரோவில் மட்டும் கிட்டத்தட்ட 3 லட்சம் இடங்களில் கரண்ட் போனது. காஸ் ஃபேர்னஸ் என்றாலும் காற்றைத் தள்ளுகிற விசிறிக்குக் கரண்ட் வேண்டுமே, வீடு இரண்டு நாளில் விறைத்துப்போனது. சிலர் கரி அடுப்பை வீட்டுக்குள் மூட்டினார்கள், அதில் வருகிறதும் அதே நச்சுவாயுதான், உயிரை எடுக்கிற வேலை. அதனால் ரோர்ச், கம்பளி, ஒரு கிழமை மருந்து, அம்மாவின் பிரஷர் குளிசை எல்லாம் ஒரு பையில் கட்டிப் படியடியில் வைத்திருக்கிறோம். கரண்ட் போனால் முதல் இரவே மாமி வீட்டுக்குப் போவதென்று பேசியிருக்கிறோம்.

ஸ்னோ அள்ளவும் ஆள் பிடித்தாயிற்று. குளிரில் இரத்தக் குழாய் சுருங்குகிற நேரத்தில் பாரம் தூக்கினால் நெஞ்சுக்குக் கூடாது என்று டொக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படியில் உப்புப் போடுவது மட்டும் என் வேலை.

வீட்டை விற்பது பற்றி நீ சொல்வதை நான் தட்டிக்கழிக்கவில்லை. அம்மாவுக்குப் படி ஏற முழங்கால் நோகிறது, அதையும் பார்க்கிறேன். இந்தக் குளிர் போகட்டும், மூன்று பேரும் இருந்து கதைப்போம்.

ஒக்ரோபர் நடுவில் பின்வளவுப் பாத்தியில் உள்ளி நட்டேன். நாற்பது பல்லு. கூர்ப்பக்கம் மேலே, இரண்டு அங்குல ஆழம், மேலே சருகு மூடி. அது குளிருக்குள் கிடந்து வேர்விட்டால்தான் பல்லுப் பிரிந்து பெருக்கும். யூனில் வருகிற தண்டை அம்மா வறை வறுப்பா. கீழ் இலை மஞ்சளாகும்போது, யூலையில், கிண்ட வேண்டும். உங்கள் பள்ளிக்கூட லீவும் அந்த மாதம்தானே. வருவதென்றால் அப்போது பிள்ளைகளோடு வா. நான் குனிந்து நாற்பதையும் கிண்டுவது கஷ்டம்.

அன்புடன்,
அப்பா